எதிரியா சண்டை போட்ட விமானிங்க எப்படி ஃபிரெண்ட்ஸ் ஆனாங்க? பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

அவனியாபுரத்துல எங்க தெருவுல சின்னதா ஒரு வாசகசாலை இருக்கு, ஞாயித்துக்கிழமை காலைல பசங்க வருவாய்ங்க, நான் ஏதாவது கதை சொல்லுவேன். பக்கத்துலயே ஏர்போர்ட்டுங்கறதால பிளேன் தலைக்கு மேல தாழ்வா எறங்கும், எறங்குனா கதை நின்னுரும், எல்லாப் பயலும் வாசலுக்கு ஓடிருவாய்ங்க. அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த போர் விமானிங்க கதை. ஒரே கேள்விய வாராவாரம் புதுப்பசங்க வந்து கேக்குறாய்ங்க, பெரியவங்களும் கேக்குறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுருவோம்னு ஒக்காந்தேன்.

உங்களுக்கு இதுல ஏன்ணே இம்புட்டு ஆர்வம்?

எங்க பெரியப்பா ஏர்ஃபோர்ஸ்ல இஞ்சின் ஃபிட்டரா இருந்தவரு. பைலட் இல்ல, தரையில நின்னு பிளேன ரெடி பண்ணி அனுப்புறவரு. ரிட்டயர் ஆகி வில்லாபுரத்துல வீடு கட்டி இருந்தாரு. சாயங்காலம் திண்ணையில ஒக்காந்தா மேல போற சத்தத்த வச்சே என்ன இஞ்சின்னு சொல்லுவாரு. அவருகிட்ட கேட்டு வளர்ந்ததுதான் எல்லாம். அவரப்பத்தி கடைசில சொல்றேன்.

ஒருத்தன ஒருத்தன் கொல்லப் பாத்தவங்க, அப்புறம் எப்படி கைகுலுக்குறாங்க? நம்புற மாதிரி இல்லையே?

இததான் எல்லாரும் மொதல்ல கேக்குறாங்க. நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் சொல்றேன். எதிராளி விமானத்துல இருக்குறவனும் நம்மள மாதிரியே படிச்சு, நம்மள மாதிரியே மொத தடவ தனியா பறக்குறப்ப வயித்த கலக்கி, நம்மள மாதிரியே பெட்ரோல் முள்ளப் பாத்துகிட்டே பறக்குறவன்னு ஒரு பைலட்டுக்குத் தெரியும். வெளியில இருக்குற நமக்கு அது தெரியாது, சொந்த வீட்டு ஆளுங்களுக்கே முழுசா தெரியாது. அந்த நாலு நிமிஷம் மேல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச இன்னொரு ஆளு ஒலகத்துலயே அந்த எதிரி மட்டும்தான். வயசான காலத்துல யாருகிட்டயாவது அதப்பத்திப் பேசணும்னா வேற யாருகிட்ட போய் பேசுறது?

நம்ம ஊருல ஜல்லிக்கட்டு முடிஞ்சப்புறம் பாத்திருப்பீங்க, மாட்டுக்காரரும் அந்த மாட்ட அணைஞ்ச பையனும் டீக்கடையில நின்னு, கொம்ப எந்தப் பக்கம் திருப்புச்சு, எங்க கை நழுவுச்சுன்னு ரெண்டு பேரும் சேந்து பேசிகிட்டிருப்பாங்க. அது மாதிரின்னு ஒரு பையன் சொன்னான். சரிதான், ஆனா பாதிதான் சரி. இங்க உசுரு போயிருக்கு, ஒரு வீட்டுல அப்பா திரும்பி வரல. அத மறந்துட்டு இந்தக் கதைய சொல்லக்கூடாது.

இந்தியா பாகிஸ்தான் விமானிங்களுக்குள்ள இப்படி நடந்திருக்கா?

நெறைய. இதுக்கு ஒரு காரணம், 1947 வரைக்கும் ரெண்டும் ஒரே ஏர்ஃபோர்ஸ். 1965 போர் நடந்தப்ப நம்ம விமானப்படைத் தலைவர் அர்ஜன் சிங். அந்த வருஷம் ஜூலை வரைக்கும் பாகிஸ்தான் விமானப்படைத் தலைவரா இருந்தவரு அஸ்கர் கான். ரெண்டு பேரும் ரெண்டாம் உலகப்போர்ல பர்மா முனையில ஒரே பக்கம் நின்னு ஜப்பானோட சண்டை போட்டவங்க. 1965 ஏப்ரல்ல கட்ச் பகுதியில ரெண்டு ராணுவமும் மோதுனப்ப, அஸ்கர் கான் நேரா அர்ஜன் சிங்குக்கு போன் போட்டு பேசி, ரெண்டு பக்கமும் விமானத்த எறக்க வேணாம்னு முடிவாச்சு. ஒரு போன்கால்தான். செப்டம்பர்ல அதெல்லாம் தாண்டிப்போச்சு, பெரிய போரே வந்துருச்சு. ஆனாலும் அந்த ஏப்ரல் மாசம் எத்தனை வீட்டுல தாலி தப்பிச்சிருக்கும்னு நான் யோசிச்சுப் பாப்பேன்.

கரியப்பா மகன் கதை உண்மையா?

உண்மைதான். நம்ம ராணுவத் தலைவரா இருந்த ஃபீல்ட் மார்ஷல் கரியப்பாவோட மகன் கே.சி.கரியப்பா ஹன்டர் போர் விமானம் ஓட்டுனவரு. 1965 செப்டம்பர் 22, சண்டை நிக்கப்போற நேரத்துல சுட்டு வீழ்த்தப்பட்டு பாகிஸ்தான்கிட்ட மாட்டிகிட்டாரு. அப்ப அங்க ஜனாதிபதி அயூப் கான், பிரிவினைக்கு முன்னாடி பெரிய கரியப்பாகிட்ட வேலை பாத்தவரு. உங்க மகன உடனே விட்டுர்றேன்னு சொல்லி அனுப்புனாரு. அப்பா ஒத்துக்கல, அங்க இருக்குற அத்தனை கைதிகளும் என் பிள்ளைங்கதான், விட்டா எல்லாரையும் விடுங்க, இவனுக்கு மட்டும் தனியா எதுவும் வேணாம்னுட்டாரு. கேட்டவருக்கும் மரியாதை, மறுத்தவருக்கும் மரியாதை. மகன் சில மாசம் கழிச்சு மத்தவங்களோட சேந்துதான் வந்தாரு.

போய்ரா சண்டைன்னு ஒன்னு சொல்வீங்களே, அத முழுசா சொல்லுங்க

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

1971 நவம்பர் 22. போர் அறிவிக்கவே இல்ல, அது டிசம்பர் 3லதான். ஆனா கிழக்கு எல்லையில கரிப்பூர் பக்கம் தரைச்சண்டை நடந்துகிட்டிருக்கு, அப்ப கிழக்கு பாகிஸ்தானா இருந்த டாக்காவுல இருந்து பாகிஸ்தானோட சேபர் போர் விமானங்க வந்து நம்ம ஆளுங்க மேல சுட்டுகிட்டிருக்கு. மத்தியானம் கல்கத்தா டம்டம்ல இருந்து நாலு நாட் விமானம் கெளம்புது. நாட்டுன்னா பேருக்கேத்த மாதிரி கொசு மாதிரி குட்டி விமானம், பெரியப்பா சொல்லுவாரு, பக்கத்துல நின்னா றெக்கை இடுப்பு ஒசரந்தான் இருக்கும்னு. அதுல வந்த நாலு பேரு ராய் மாஸி, கணபதி, டொனால்ட் லாசரஸ், சுனித் சோரஸ். கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள சண்டை முடிஞ்சுபோச்சு. மூணு சேபர்ல ரெண்டு விழுந்துச்சு, ஒன்னு அடிவாங்கி தப்பிச்சு டாக்கா போய்ச் சேந்துச்சு. விழுந்த ரெண்டுல இருந்த விமானிங்களும் பாராசூட்ல நம்ம பக்கமே எறங்குனாங்க.

அதுல ஒருத்தரு பர்வேஸ் மெஹ்தி குரேஷி. எறங்குன எடத்துல நம்ம சீக்கியப் படைப்பிரிவு வீரருங்க சூழ்ந்துட்டாங்க, கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் தங்க மேல குண்டு போட்டவருல்ல, கோவம் இருக்கத்தானே செய்யும், அடி விழுது. அப்ப பனாக்னு ஒரு இளம் கேப்டன், பின்னாடி லெப்டினன்ட் ஜெனரல் ஆனவரு, ஓடிப்போய் நடுவுல புகுந்து தடுத்து, தலைக்காயத்துக்கு கட்டுப்போட வச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. இந்த டீ விஷயத்த சொல்றப்ப பசங்க ஒரு நிமிஷம் அமைதியாயிருவாய்ங்க, நம்ம ஊருல வீட்டுக்கு வந்தவனுக்கு டீ குடுத்துட்டா அதுக்கு மேல அவன்கிட்ட கைய ஓங்க முடியாதுல்ல, அது அவிங்களுக்கே தெரியும்.

குரேஷி கைதியா இருந்து திரும்பிப் போனாரு. வருஷம் ஓடுச்சு. 1997ல பாகிஸ்தான் விமானப்படைக்கே தலைவர் ஆயிட்டாரு! இங்க லாசரஸ் பேப்பர்ல அதப் பாத்துட்டு, வாழ்த்து சொல்லி ஒரு லெட்டர் போட்டாரு, நாம ஏற்கனவே ஒரு தடவ ஆகாயத்துல சந்திச்சிருக்கோம்னு அதுல ஒரு வரி. பதில் வரும்னு அவரு நெனைக்கவே இல்ல, ஆனா வந்துச்சு. வாழ்த்துக்கு நன்றி சொல்லி, அன்னைக்கு உங்க ஆளுங்க நல்லா சண்டை போட்டாங்கன்னு பாராட்டியே எழுதியிருந்தாரு. தோத்தவரு ஜெயிச்சவர வாயார பாராட்டுறது இருக்கே, அதுக்கு எம்புட்டு பெரிய மனசு வேணும். அந்த லாசரஸ் ரிட்டயர் ஆகி நம்ம குன்னூர்லதான் குடியேறுனாரு, ஆதரவில்லாத பிள்ளைங்களுக்காக மனைவியோட சேந்து வேலை செஞ்சாரு. மதுரையில இருந்து பஸ் ஏறுனா ஒரு பகல் தூரம்.

வெளிநாட்டுல இதுமாதிரி நடந்ததுல எது முக்கியம்?

ஃபிரான்ஸ் ஸ்டீக்லர், சார்லி பிரவுன் கதை. 1943 டிசம்பர் 20, ஜெர்மனியில பிரெமன் மேல குண்டு போட வந்த அமெரிக்க பி-17 ஒன்னு கந்தலா அடிவாங்கி, வால்ல இருந்த சுடுற ஆளு செத்து, மத்தவங்க ரத்தக்காயத்தோட தட்டுத்தடுமாறி திரும்பிகிட்டிருக்கு. ஓட்டுன பிரவுனுக்கு 21 வயசு. ஸ்டீக்லர் ஜெர்மன் விமானி, அதச் சுடத்தான் மேல வந்தாரு, கிட்ட போய் பாத்தா ஓட்டை வழியா உள்ள இருக்குறவங்க ஒருத்தருக்கொருத்தர் கட்டுப்போட்டுகிட்டிருக்குறது தெரியுது. பாராசூட்ல தொங்குறவன சுடக்கூடாதுன்னு அவருக்கு சொல்லிக்குடுத்த மேலதிகாரி ஒருத்தர் இருந்தாரு, இதுவும் பாராசூட்ல தொங்குற மாதிரிதான்னு நெனச்சு, சுடாம பக்கத்துலயே பறந்து கடல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, சல்யூட் அடிச்சுட்டு திரும்பிட்டாரு. வெளிய சொன்னா அவரு தலை போயிரும், சொல்லல. பிரவுனையும் அவங்க மேலதிகாரிங்க வாயத் தெறக்கக்கூடாதுன்னுட்டாங்க.

நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு பிரவுன் தேட ஆரம்பிச்சாரு. முன்னாள் விமானிங்க படிக்கிற ஒரு பத்திரிகையில அன்னைக்கு நடந்தத எழுதிப் போட்டாரு. 1990ல கனடாவுல இருந்து ஸ்டீக்லரோட லெட்டர் வந்துச்சு, அது நான்தான்னு. அதுக்கப்புறம் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாங்க, 2008ல ஒரே வருஷத்துல சில மாச இடைவெளியில ரெண்டு பேரும் போயிட்டாங்க. இதுல எனக்கு பெருசா படுறது, ஸ்டீக்லரோட சொந்த அண்ணனும் விமானிதான், 1940லயே செத்துட்டாரு. பழி வாங்க காரணம் கையிலேயே இருந்தும் விட்டாரு மனுஷன்.

ஜப்பான்காரங்க?

சபுரோ சகாய்னு ஒருத்தரு. 1942 ஆகஸ்ட்ல பசிபிக் கடல்ல இருக்குற குவாடல்கனால் தீவு மேல நடந்த சண்டையில தலையில குண்டு பட்டு, ஒரு கண்ணு போய், ரத்தம் வழிய வழிய நாலரை மணி நேரத்துக்கு மேல கடல் மேல தனியா பறந்து அவங்க தளமான ரபாவுல் வந்து எறங்குனவரு, கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். அன்னைக்கு அவர சுட்டவங்கள்ல ஒருத்தரான அமெரிக்கர் ஹரோல்ட் ஜோன்ஸ 1983ல நேர்ல சந்திச்சாரு. 2000ல அமெரிக்கக் கடற்படைக்காரங்களோட விருந்து சாப்புட்டுட்டு இருந்த எடத்துலதான் நெஞ்சுவலி வந்து போய்ச் சேந்தாரு.

இன்னொருத்தரு நொபுவோ ஃபுஜிதா, போர் விமானம் இல்ல, கடல்ல இருந்து கெளம்புற சின்ன விமானம். 1942 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்து காட்டுல தீ வைக்க குண்டு போட்டாரு. 1962ல பக்கத்துல இருக்குற புரூக்கிங்ஸ் ஊர்க்காரங்க அவர வரச்சொல்லி கூப்புட்டாங்க. இவரு குடும்பத்துல தலைமுறை தலைமுறையா இருந்த, 400 வருஷத்து வாள கொண்டுபோய் அந்த ஊருக்கே குடுத்துட்டாரு. குண்டு போட்ட எடத்துல பின்னாடி ஒரு மரக்கன்னும் நட்டாரு, 1997ல செத்தப்புறம் அவரோட சாம்பல்ல கொஞ்சம் அந்தக் காட்டுலயே சேத்துட்டாங்க. குலசாமி கோயில்ல அரிவாள வச்சுட்டு வந்த மாதிரின்னு எங்க அம்மா சொன்னாங்க.

கைதியா பிடிபட்ட விமானிய நல்லா நடத்தணும்னு சட்டம் இருக்கா?

இருக்கு. போர்க்கைதிங்களுக்கான 1949 ஜெனீவா ஒப்பந்தம். அடிபட்ட விமானத்துல இருந்து பாராசூட்ல குதிச்சு எறங்குறவன சுடக்கூடாதுன்னு 1977ல தனியாவே எழுதிச் சேத்தாங்க. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஸ்டீக்லர் மாதிரி ஆளுங்க அத தாங்களாவே கடைப்பிடிச்சிருக்காங்கல்ல. சட்டத்த மீறுனவங்களும் எல்லாப் பக்கமும் இருந்திருக்காங்க.

அபிநந்தன்?

இத கேக்காத பையனே இல்ல. 2019 பிப்ரவரி 27 பிடிபட்டாரு, மார்ச் 1 ராத்திரி வாகா வழியா வந்தாரு, நம்ம தமிழ்நாட்டுக் குடும்பம். அந்த ரெண்டு நாளும் மதுரையில எந்த டீக்கடையிலயும் வேற பேச்சே இல்ல. அதுக்கு 20 வருஷம் முன்னாடி 1999 கார்கில் சமயத்துல நம்ம விமானி நச்சிகேதாவும் இதே மாதிரி மே 27 மாட்டி ஒரு வாரத்துல திரும்புனாரு. அவர அடிச்சப்ப வந்து தடுத்து தன் ரூமுக்கு கூட்டிட்டுப் போய் சாதாரணமா ஒக்காந்து பேசிகிட்டிருந்தவரு பாகிஸ்தான் விமானப்படை அதிகாரி கைசர் துஃபைல்.

அப்ப எல்லாரும் மன்னிச்சுட்டாங்களா?

இல்ல. அப்படி சொன்னா பொய். 1971 போருக்கப்புறம் 54 இந்திய வீரருங்க திரும்பி வரவே இல்ல, பாகிஸ்தான் ஜெயில்ல இருக்காங்கன்னு குடும்பத்துக்காரங்க பல வருஷம் தேடுனாங்க, பாகிஸ்தான் அப்படி யாரும் இல்லைன்னே சொல்லிகிட்டு இருந்துச்சு. அதுல விமானிங்களும் உண்டு. தமயந்தி தாம்பேன்னு நாட்டுக்கே பேட்மின்டன் சாம்பியனா இருந்தவங்க, புருஷன் விஜய் தாம்பே 1971 டிசம்பர் 5 விமானத்தோட போனவரு, அவங்க காத்துகிட்டே இருந்தாங்க. அவங்ககிட்ட போய் நட்பு, கைகுலுக்கல்னு பேச நமக்கு என்ன தகுதி இருக்கு. மன்னிக்கிறது அவங்கவங்க பாடு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கேள்வி கேக்கவும் முடியாது.

நீங்க அடிக்கடி சொல்ற அந்த ஈமெயில் என்னது?

1965 செப்டம்பர் 19. குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா மனைவியோட, இன்னும் சில பேரோட பீச்கிராஃப்ட்னு ஒரு சின்ன பயணிகள் விமானத்துல கட்ச் எல்லைப்பக்கம் போனாரு. ஓட்டுனவரு ஜஹாங்கீர் இஞ்சினியர், முன்னாள் விமானப்படைக்காரரு, அவரோட அண்ணன் ஆஸ்பி இஞ்சினியர் நம்ம விமானப்படைக்கே தலைவரா இருந்தவரு. எதிர்ல வந்தது பாகிஸ்தானோட சேபர், உள்ள கைஸ் ஹுசைன்னு ஒரு இளம் விமானி. பீச்கிராஃப்ட் றெக்கைய ஆட்டி ஆட்டி காட்டுச்சு, விட்டுருங்கன்னு அர்த்தம். கீழ இருந்து சுடுன்னு உத்தரவு வந்துச்சு. சுட்டாரு. எட்டு பேரும் செத்துட்டாங்க. உள்ள யாரு இருந்தாங்கன்னு அன்னைக்கு சாயங்காலம் ரேடியோவுலதான் அவருக்கே தெரிஞ்சுச்சு.

46 வருஷம் கழிச்சு, 2011 ஆகஸ்ட்ல, அந்த ஜஹாங்கீரோட மகளுக்கு கைஸ் ஹுசைன் ஈமெயில் எழுதுனாரு. என்ன நடந்துச்சு, தனக்கு என்ன உத்தரவு வந்துச்சுன்னு மறைக்காம எழுதி வருத்தம் சொன்னாரு. அந்த அம்மா பதில் போட்டாங்க. அந்த ஒரு நாள் எங்க வாழ்க்கையவே மாத்திருச்சு, ஆனா எங்க அப்பாவ கொன்ன ஆளு மேல எங்களுக்கு வெறுப்பு இருந்ததே இல்ல, போர்னு வந்தா நாம எல்லாருமே அதுல உருட்டப்படுற காய்ங்கதான்னு. அவரோட மனசு ஆறட்டும்னு அவங்க எழுதுனாங்க. அப்பாவ இழந்தவங்க எழுதுறாங்க!

நான் இத இதுவரைக்கும் ஒரு இருபது தடவையாவது பசங்களுக்கு சொல்லியிருப்பேன், றெக்கைய ஆட்டுன எடம் வர்றப்ப எனக்கு இன்னும் தொண்டை அடைக்குது.

உங்க பெரியப்பாவுக்கு பாகிஸ்தான் விமானிங்க மேல கோவம் இல்லையா?

பயங்கரமா இருந்துச்சு. 1965 செப்டம்பர் 7 காலையில அவரு வங்காளத்துல கலைகுண்டா தளத்துல வேலை பாத்துகிட்டிருந்தாரு. டாக்காவுல இருந்து சேபர் விமானங்க மரத்த ஒட்டி தாழ்வா வந்து, வரிசையா நிறுத்தி வச்சிருந்த நம்ம கேன்பரா குண்டுவீச்சு விமானத்த எல்லாம் சுட்டுட்டுப் போச்சு. அதுல ஒன்ன அதிகாலையில இருந்து இவரு கையாலதான் ரெடி பண்ணியிருந்தாரு, கையில கிரீஸ் காயறதுக்குள்ள அது எரியுது. அந்த நாத்தம் அம்பது வருஷம் கழிச்சும் மூக்குல இருக்குன்னு சொல்லுவாரு, வீட்டுல ரப்பர் செருப்பு கொளுத்துனாக்கூட எந்திரிச்சு வெளிய போயிருவாரு. இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் மேட்ச் ஓடுனா டிவிய அமத்திருவாரு, ஜெயிச்சாலும் சரி தோத்தாலும் சரி.

2011ல அந்த ஈமெயில் செய்தி பேப்பர்ல வந்தப்ப அவருக்கு கண்ணு ஆபரேஷன் பண்ணி பச்சைத்துணி போட்டிருந்துச்சு, நான்தான் படிச்சுக் காமிச்சேன். திரும்பப் படிடான்னாரு. படிச்சேன். அந்தப் புள்ள பதில் போட்டுச்சான்னு கேட்டாரு, போட்டாங்க பெரியப்பான்னேன். பெரியம்மா காப்பி கொண்டாந்து வச்சாங்க, ஆறி ஏடு கட்டுற வரைக்கும் தொடல.

அப்புறம் அவரே ஆரம்பிச்சாரு. அன்னைக்கு ரெண்டாவது தடவையும் சேபருங்க வந்துச்சு, அப்ப நம்ம ஆல்ஃபிரட் குக் ஹன்டர்ல வந்து கரக்பூர் மேல தலைக்கு மேலயே தொரத்தி ஒன்ன அடிச்சு விழ வச்சாரு, நாங்க எல்லாம் தொப்பிய தூக்கிப் போட்டு கத்துனோம், விசில் அடிச்சோம், நான்தான் எல்லாருக்கும் மேல சத்தமா கத்துனேன். உள்ள இருந்த பையன் எறங்கல, அப்படியே போயிட்டான். அஃப்சல் கான்னு பேரு, அப்புறமாத்தான் தெரியும்.

கட்டுப்போட்ட கண்ணோட என் பக்கம் திரும்பி, "அவனுக்கு கல்யாணம் ஆயிருந்துச்சாடா?"ன்னு கேட்டாரு.